அப்பாவின் மூச்சை எண்ணிய இரவு

அப்பாவுக்கு 72 வயது. முதலில் வந்தது சாதாரணச் சளிதான். மூக்கு ஒழுகியது, தொண்டை கரகரத்தது, அடுக்கடுக்காகத் தும்மல். மூன்றாம் நாள் படுத்தி எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் மட்டுப்பட்டது. சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே அடங்கிவிடும், சரி என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் மறுபடி படுத்துவிட்டார். இந்தத் தடவை மூக்கு ஒழுகவில்லை. இருமல் நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. இருமும்போதெல்லாம் வலது விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துப்பிய சளி துரு நிறத்தில் இருந்தது. காய்ச்சல் 99.6 டிகிரிதான். அந்த எண்ணை நம்பித்தான் அரை நாளை வீணாக்கினேன். வயதானவர்களுக்கு நிமோனியா என்கிற நுரையீரல் தொற்று வந்தாலும் காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம், அதற்குப் பதில் புத்தி தடுமாறலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் என்னைப் பார்த்து, "ஆபீசுக்கு நேரமாச்சு, சட்டையை எங்கே வெச்சே?" என்றார். அவர் ஓய்வு பெற்று 14 வருடம் ஆகிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவர் கண்ணயர்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்: 29. நம்பாமல் திரும்ப எண்ணினேன்: 28. பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம்.

விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 90 என்றது. டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ஒரே இடத்தில் வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி, கறுப்பாக இருக்க வேண்டியது, வெள்ளையாகத் திட்டுப் போட்டிருந்தது. "சளி மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். இங்கே காற்றுப்பைகளுக்குள்ளேயே நீரும் சீழும் நிரம்பியிருக்கிறது, ஆக்சிஜன் ரத்தத்தில் சேர வழியில்லை" என்றார்.

வீட்டில் மிச்சமிருந்த ஆண்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா என்று மூன்றாம் நாளே யோசித்ததைச் சொன்னேன். சளி வைரஸால் வருவது, அதை இந்த மருந்து தொடாது என்றார். அப்பாவுக்கு இப்போது இருப்பது பாக்டீரியாத் தொற்றாகத் தெரிந்ததால் அன்றிரவே ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள், ஆக்சிஜனும் வைத்தார்கள்.

ஆறு நாளில் வீடு திரும்பினோம். ஆனால் அசதி ஒன்றரை மாதம் விடவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார். ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில்தான் அந்த வெள்ளைத் திட்டு முழுக்கப் போயிருந்தது.

போன வாரம் தங்கை பயந்துபோய் போன் செய்தாள், ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளி. தூங்கும்போது ஒரு நிமிடம் எண்ணிப் பார் என்றேன். 1 முதல் 5 வயது வரை 40-ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னேன். போனை வைக்காமலே எண்ணினாள். 31. அப்பா பக்கத்திலேயே நின்று, "இன்னொரு தடவை எண்ணச் சொல்லு" என்றார்.