நாலு வாய், மூன்று அறை, ஒரு வெள்ளைப் பட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் இருபத்திரண்டு வருடம் இருந்த வீட்டில் ஒரே டிவிதான். முன்கட்டு முழுக்க வெள்ளிப் பட்டறை, நடுக்கூடத்தில் டிவி. கொலுசுக்குச் சலங்கை வைத்துக்கொண்டே அவ்வப்போது கண்ணை மட்டும் தூக்கிப் பார்ப்போம். தெருக் கேபிள்காரர் கம்பத்திலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்ததோடு சரி. கன்னங்குறிச்சியில் இடம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குன்னு ஒரு டிவி, என் ரூம்லயே இருக்கோணும்." பெரியவனுக்கு மாடி அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று. ஆக மூன்று.

மூன்று டிவி என்றால் மூன்று பிளக் பாயின்ட் என்றுதான் நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் தம்பியும், "டிஷ் ஒயரெல்லாம் அப்புறம் வெளிய ஓட்டிக்கலாங்க்கா" என்று சொல்லிவிட்டார். நல்ல வேளை, மேல்தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் என் கூடப்பிறந்தவன் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தான். அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. டிஷ்ஷோடு பட்ட பாடு அவனுக்கு நிறைய. மலையில் பனிமூட்டம் டிவியைப் பெரிதாக ஒன்றும் செய்யாதாம். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள்தான் எதிரி. நெடுநெடுவென்று வளர்ந்து குடியிருப்பைச் சுற்றி நிற்கின்றன. கடைசியில் வெட்டவெளி தேடி, வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி டிஷ்ஷை நட்டிருக்கிறான்.

"அக்கா, ஒயரைப் பத்தி இப்பக் கவலைப்படாதே. பைப்பைப் போட்டுடு. ஒயர் இன்னைக்கு ஒண்ணு இருக்கும், நாளைக்கு வேற ஒண்ணு வரும். பைப் இருந்தா எதை வேணாலும் இழுத்துக்கலாம்" என்றான்.

அதன்படி மாடிப்படி முடிகிற ஹெட்ரூமில் ஒரு பெரிய பெட்டி. அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக ஒரு இஞ்ச் பைப். ஒரு அறையைத் தொட்டு அடுத்த அறைக்குப் போவது கிடையாது, எல்லாம் பெட்டியிலிருந்து நேராக. பெட்டியிலிருந்து ஹெட்ரூம் கூரைக்கு ஒரு பைப், அதன் மேல் முனை மழைத் தண்ணீர் இறங்காதபடி கீழ்நோக்கி வளைந்தது. கரண்ட் ஒயர் போகிற பைப்பில் டிவி ஒயரைச் சேர்த்து இழுக்கவே கூடாது என்பதில் எலக்ட்ரீஷியன் தம்பி என்னைவிடக் கறாராக இருந்தார். திருப்பங்களில் சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், நீளமாக வளையும் பெண்டுதான் என்றும் அவரே சொன்னார். டிவி ஒயரை ஒடித்து மடக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை நசுங்கிவிடும், அந்த இடத்தில் சிக்னல் அடிபடும்.

டிவி மாட்டும் உயரத்தில் ஒரு பெட்டி, கீழே அலமாரி உயரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் இரண்டு இஞ்ச் பைப். இவ்வளவு பெரிய பைப் எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். செட்டாப் பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை அகலம், சின்ன பைப்பில் நுழையாது. செட்டாப் பாக்ஸை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் ரிமோட் வேலை செய்யாது, அதனால் அது கீழேதான் இருந்தாக வேண்டும். பெரியவன் சொன்னான் என்று ஒவ்வொரு அறைக்கும் இன்டர்நெட் ஒயருக்கும் சேர்த்து இடம் விட்டோம். "இன்னும் நாலு வருஷத்துல யாரும்மா டிஷ் வெப்பாங்க?" என்பது அவன் கட்சி. அவன் பாட்டி டிஷ்ஷின் கட்சி.

கான்கிரீட் போட்ட அன்று நான் கவனித்திருக்க வேண்டும். முப்பது பேருக்கு டீயும் வடையும் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டேன். பைப் வாய்களில் காகிதம் திணித்து டேப் சுற்றிவிட்டுத்தான் கலவை கொட்ட வேண்டும். மூன்றில் ஒன்றை யாரோ மறந்திருக்கிறார்கள். கலவையைக் குலுக்கி இறக்கும் வைப்ரேட்டர் போட்டதும் சிமென்ட் பால் உள்ளே இறங்கிவிட்டது. தெரிந்தது எப்போது? பூச்சு, சுவர்ப் புட்டி, பெயின்ட் எல்லாம் முடிந்து ஒயர் இழுக்கும்போது. கூடத்துக்கு இழுவைக் கம்பி வழுக்கிக்கொண்டு போனது, மாடி அறைக்கும் போனது. அத்தை அறைக்கு மட்டும் பாதி வழியில் டக்கென்று நின்றது. எந்த அறைக்காக இவ்வளவும் ஆரம்பித்ததோ, அதே அறை! பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து அளவு தெரியப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், பெருமையாகத்தான். சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று பார்க்க அது உதவுகிறது. தளத்துக்குள் உறைந்த சிமென்ட்டை எடுக்க உதவாது.

அப்புறம் டிஷ் மாட்டும் நாள். கொத்தனாருக்கு ஒரு சந்தேகம்: "பக்கத்துலயே சேர்வராயன் மலை நிக்குதே, மறைக்காதுங்களா?" நியாயமான கேள்விதான், மலை எங்கள் கொல்லைப்புறத்திலிருந்தே எழும்புகிறது போல இருக்கும். ஆனால் மலை இருப்பது வடக்கே. டிவி செயற்கைக்கோள்கள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நமக்கு எப்படிப் பார்த்தாலும் தெற்கு வாக்கில்தான். தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்குச் சேனல் அனுப்பும் ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். சேலம் 78 டிகிரி சொச்சம், ஆக அது நமக்குத் தென்கிழக்கு. அதுவும் அடிவானத்தில் இல்லை, ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். பெரியவன் கணக்குப் போட்டுக் காட்டினான்: டிஷ்ஷைவிடப் பத்தடி உயரமாக எழும்பும் மரம்கூட, நாலடி சொச்சத்துக்குள் நின்றால்தான் மறைக்கும். பக்கத்து வீட்டுத் தென்னையைப் பற்றி நான் பட்ட கவலை அன்றோடு தீர்ந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டிய டிஷ் ஏன் பாதி சாய்ந்தே நிற்கிறது என்றால், அலையைப் பிடிக்கும் மூக்கு நடுவில் இல்லாமல் கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த அமைப்புக்கு அதுதான் கணக்கு. தட்டு பார்க்கும் திசையை வைத்துச் செயற்கைக்கோளைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

அந்த மூக்குக்குப் பெயர் எல்.என்.பி. மாட்ட வந்தவர் ஒயர் மாட்ட ஒரே வாய் உள்ள எல்.என்.பி. ஒன்றும், ஒரே ஒயரை மூன்றாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கேபிள் டிவி வேலை செய்து பழகிய கை என்று நினைக்கிறேன். அன்று பகலில் மூன்று டிவியும் ஓடின. காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏழரை மணிக்கு ஆரம்பித்தது. மாடியில் பெரியவன் கிரிக்கெட் போட்டால் கீழே அத்தையின் சீரியல் "சிக்னல் இல்லை" என்று நிற்கும். அவன் சேனலை மாற்றினால் சீரியல் உயிர் பெறும். இரண்டு நாள் நாங்கள் யாருமே முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, மழை என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் அத்தைதான் கண்டுபிடித்தார். "அந்தப் பையன் மேல ரிமோட்டத் தொட்டா எனக்குப் போகுது. வேணும்னே பண்றான்."

வேண்டுமென்று பண்ணவில்லை. தெருக் கேபிளில் எல்லாச் சேனலும் ஒரே ஒயரில் மொத்தமாக வந்து கொட்டும், எத்தனை கிளை பிரித்தாலும் ஒருவர் பார்ப்பது இன்னொருவரைத் தொடாது. டிஷ் அப்படி இல்லை. அதில் செட்டாப் பாக்ஸ் திருப்பிப் பேசும். சேனல்கள் மேலிருந்து செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு வகை அலையாக வருகின்றன. எந்த வகை வேண்டும் என்பதைப் பாக்ஸ் அதே ஒயர் வழியாக வோல்ட்டேஜ் அனுப்பிச் சொல்கிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 என்றால் கிடைமட்டம். ஒரே மூக்குக்கு இரண்டு பாக்ஸும் சேர்ந்து கட்டளை போட்டால் 18 ஜெயித்துவிடும். எங்கள் வீட்டில் கிரிக்கெட் 18 பக்கம், சீரியல் 13 பக்கம்.

மருந்து எளிது. நாலு வாய் எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு வாயிலிருந்து தனி ஒயர். ஸ்பிளிட்டர் இப்போது பட்டறை மேஜை டிராயரில் கிடக்கிறது. பைப்கள் தனித்தனியாக ஹெட்ரூமுக்கு வந்ததால் சுவரில் கை வைக்காமல் ஒரே பிற்பகலில் முடிந்தது. ஏற்காட்டுக்காரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்தான்.

புது ஒயர் வாங்கப் போனபோது என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். கடைக்காரர் டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி. 6 ஒயரில் இரண்டு ரகம் காட்டினார், இரண்டிலும் நடுக்கம்பி செம்பு நிறம்தான். இவர் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தார். ஒன்றில் ஒட்டியது. உள்ளே எஃகு, மேலே செம்பு முலாம். வெள்ளி வேலைக்காரரிடம் முலாம் கதை எடுபடுமா? கடைக்காரர் அசரவில்லை. "சிக்னல் மேல்தோல்லதான் போகும், அதனால இதுவும் ஓடும்" என்றார். அது உண்மைதானாம். ஆனால் மூக்குக்குப் போகும் வோல்ட்டேஜ் கம்பி முழுக்கப் பாய்வது, நீளம் கூடினால் எஃகுக் கம்பியில் அது குறையும். எங்களுக்கு அதிகபட்சம் பதினெட்டு மீட்டர், முலாமே போதும். இவர் முழுச் செம்பைத்தான் வாங்கினார். தொழில் பழக்கம்.

சித்திரை மாதத்து இடி மழை கொட்டும்போது கால் மணி நேரம் படம் போய்விடும். கனமழை அந்த அலையைக் குடித்துவிடுகிறது, அதற்கு எந்த ஒயரும் மருந்தில்லை. மின்னல் வெட்ட ஆரம்பித்தாலே பாக்ஸின் பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுகிறோம். டிஷ் கம்பத்துக்கு எர்த் ஒயர் கட்டியிருக்கிறது, இருந்தாலும்.

பைப் அடைத்துக்கொண்ட அத்தை அறைக்கு, டிஷ் மாட்டும் முன்பே, வேறு வழியில்லாமல் ஜன்னல் மேல் துளை போட்டு மூலையோடு மூலையாக வெள்ளை பிளாஸ்டிக் பட்டி இறக்கி அதற்குள் ஒயரை விட்டோம். புதுச் சுவரில் அந்தப் பட்டி எனக்கு இன்னும் உறுத்துகிறது. அத்தை அதன் மேல் நகைக்கடை காலண்டரை மாட்டிவிட்டார். பாதி மறைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னொரு காலண்டர் கேட்டு வைத்திருக்கிறார்.