பின்னைப் பிடுங்கி வலைநூலால் தையுங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாங்கினால் முதலில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிடுங்கள். உப்புக்காற்றில் துருவேறி நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். மடிப்பில் மூன்று துளை போட்டு வலைநூலால் தையுங்கள்; நடுத்துளையில் தொடங்கி அங்கேயே முடிச்சு.

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கோடை விடுமுறையும் அதற்குள்தான். தினம் 20 நிமிடம் பிள்ளை வாசிக்கட்டும். எழுத ஆசைப்படும் அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே அரைப்பக்கம் எழுதுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையின் கண் எந்த வரியில் வாசல் பக்கம் போகிறதோ அங்கே பென்சில் கோடு போடுங்கள், வெட்ட வேண்டியது அதைத்தான். "என்ன புரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பரீட்சையாகிவிட்டால் மறுநாள் புத்தகத்தைத் தொடாது.

சூடை, காரல், கச்சான், வாடை... அப்பத்தா சொல்லும் மீன் பேரும் காத்துப் பேரும் தனி நோட்டில் ஏறட்டும். இருவருக்கும் உதவும்.