தங்கச்சியைத் தேடும் வழக்கு: ஸ்டேஷன் வாசலிலிருந்து ஹைகோர்ட் வரை

என் தங்கச்சி 2017 ஆகஸ்டில் காணாமல் போனாள். அப்போது அவளுக்கு 22 வயது. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம், மத்திய பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டதாக அம்மாவுக்கு போன் செய்தாள். திண்டுக்கல்லில் இறங்கி பெரியகுளம் வண்டி பிடித்து, இருட்டுவதற்குள் ஊர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றுவரை அவள் எங்கே, என்ன ஆனாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

நான் அவளுடைய அக்கா. திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். ஸ்டேஷன், கோர்ட் என்றாலே அப்பாவுக்குக் கை நடுங்கும். அதனால் மனு எழுதுவதும் அலைவதும் என் பொறுப்பானது. பதினெட்டு வயது முடிந்த ஒரு பெண் காணாமல் போனால் என்ன நடக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல அன்று எங்களுக்கு ஆளில்லை. இன்று எந்த ஊரிலாவது ஒரு குடும்பம் எங்களைப்போல் நின்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்று ராத்திரியே அப்பா எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போனார். “ஃப்ரெண்டு வீட்டுக்கு எங்கயாச்சும் போயிருக்கும், ஒருநாள் பாப்போம்” என்று அனுப்பிவிட்டார்கள். இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மறுநாள் போனபோது, “திருச்சியில இருந்த பொண்ணு, திருச்சியிலதான் குடுக்கணும்” என்றார்கள். திருச்சியில், “பஸ் ஏறிட்டேன்னு போன் பண்ணுச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப எங்க எல்லையில காணாமப் போகலையே” என்றார்கள். திருச்சியிலிருந்து பெரியகுளம் வருவதற்குள் திருச்சி மாநகரம், திருச்சி மாவட்டம், திண்டுக்கல் மாவட்டம், தேனி மாவட்டம் என்று நான்கு போலீஸ் எல்லைகள். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்ற வழி அப்போதே இருந்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆவது பிரிவிலேயே அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எல்லையைக் காட்டி யாராவது திருப்பி அனுப்பினால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

முதலில் எங்களுக்குக் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான். அது மனுவை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, வழக்கு அல்ல. பல குடும்பங்கள் அதையே வழக்குப் பதிவு என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகின்றன. விடாமல் நின்று எஃப்.ஐ.ஆர். வாங்கினோம். அதில் குற்றப்பிரிவு எழுத வேண்டிய இடத்தில் “பெண் காணவில்லை” என்று மட்டும் இருந்தது.

அதன் பொருள் எனக்குப் பிடிபடவே வெகுகாலம் ஆனது. காணாமல் போனது பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், கடத்தப்பட்டிருக்கலாம் என்று கருதித்தான் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டிருக்கிறது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போக வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு இது எதுவும் கிடையாது. அதே 2013 நவம்பரில் வந்த லலிதாகுமாரி தீர்ப்பு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் பெரிய பெண் வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டும் சட்டத்தின் கண்ணில் குற்றமாகத் தெரிவதில்லை. குற்றப்பிரிவு இல்லாத வழக்கில் குற்றவாளி கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது, ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று கேட்க ஒரு கெடுவும் கிடையாது. அதனால் புகாரில் “காணவில்லை, கண்டுபிடித்துத் தாருங்கள்” என்பதோடு நிறுத்தாதீர்கள். உண்மையான சந்தேகம் எதுவாக இருந்தாலும், யார் தொந்தரவு கொடுத்தார்கள், கையில் எவ்வளவு பணம் நகை இருந்தது, போன் எந்த நேரம் அணைந்தது என்று காரணத்தோடு எழுதுங்கள். எழுதிக் கொடுத்தது மட்டும்தான் பின்னால் கோர்ட்டில் பேசும்.

எங்கள் புகாரைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி, “யாரையாச்சும் லவ் பண்ணுச்சாம்மா?” அதை விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் போகிற பெண்கள் உண்டு. அது அவர்கள் உரிமை. வயது வந்த பெண்ணைக் கண்டுபிடித்த பிறகு அவள் வீட்டுக்கு வர மாட்டேன் என்றால், மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அவள் விருப்பப்படி விட்டுவிடுவார்கள். எங்களுக்கும் அதில் மறுப்பில்லை. முகவரிகூட வேண்டாம், நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி போதும் என்று அப்பா இன்ஸ்பெக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். ஆனால் அந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, ஹாஸ்டல் தோழிகளையும் அலுவலகத்துப் பையன்களையும் விசாரிப்பதிலேயே முதல் வாரங்களைக் கழித்துவிட்டார்கள். அதற்குள் பஸ் ஸ்டாண்ட் கேமரா பதிவு அழிந்துவிட்டது.

சி.சி.டி.வி. பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. இடம் நிறைந்தால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். பல இடங்களில் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதம். எந்தெந்த இடத்துக் கேமரா, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று குறிப்பிட்டு, அதை எடுத்துப் பாதுகாக்கும்படி முதல் நாளே தனி மனு கொடுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். போன் விவரமும் அப்படித்தான். அழைப்புப் பதிவு கேட்டு கம்பெனிக்குப் போகும் கடிதம் எஸ்.பி. அளவிலான அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நினைத்தால் கிடைக்காது. கம்பெனிகள் அந்தப் பதிவுகளை அப்போது ஒரு வருடம்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி. 2021 டிசம்பரில் அதை இரண்டு வருடமாக ஆக்கினார்கள். “விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்ற பதிலை நம்பி அந்தக் கெடுவைத் தாண்டவிட்டால் பிறகு கேட்டாலும் கிடைக்காது.

தங்கச்சியின் போன் கடைசியாகப் பிடித்த டவர் வையம்பட்டி பக்கம். மணப்பாறை தாண்டி, திண்டுக்கல்லுக்கு முன்னால். அங்கே ரோட்டை ஒட்டியே ரயில் பாதையும் வருகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரயில்வே போலீஸுக்குத் தனி ஸ்டேஷன், தனிப் பதிவேடு. தண்டவாளத்தில் கிடைக்கும் உடல் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனின் கணக்கில் வராது. திருச்சி, திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷன்களில் நாங்களே போய்க் கேட்ட பிறகுதான் அங்குள்ள புகைப்படங்களைப் பார்க்க முடிந்தது.

அந்தப் புகைப்படங்களைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும். “அடையாளம் தெரியாத பெண், வயது சுமார் 25” என்று ஸ்டேஷனிலிருந்து போன் வரும். எங்கேயாவது கிணற்றில், கண்மாயில், ரோட்டோரம். இப்படிச் சந்தேகமாகக் கிடைக்கும் உடலுக்குப் போடும் வழக்கை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 174 கேஸ் என்பார்கள். புதிய சட்டத்தில் 194. ஜி.எச். மார்ச்சுவரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போவோம். அம்மாவை ஒருமுறையும் கூட்டிப்போனதில்லை. அது என் தங்கச்சி இல்லை என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் தளர்ந்துவிடும். அந்த நிம்மதி வரும்போதே, இதுவும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே என்று நெஞ்சை அடைக்கும். சில நாள் வைத்திருந்து, யாரும் வராவிட்டால் போலீஸே அடக்கம் செய்துவிடும். அதற்குள் பக்கத்து மாவட்டக் குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அடையாளம் தெரியாத உடல்களின் விவரத்தைப் பொதுமக்களே தேடிப் பார்க்கலாம். கொடுமைதான், ஆனால் பாருங்கள். உங்களைவிட அக்கறையாக அதைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

முகம் வைத்து அடையாளம் காணும் நிலையில் எல்லா உடலும் இருப்பதில்லை. என் தங்கச்சிக்குச் சின்ன வயதில் இடது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருந்தது. அந்த எக்ஸ்ரேயை அம்மா பீரோவில் வைத்திருந்தார். அதுவே எங்களைப் பலமுறை காப்பாற்றியது: கையில் பிளேட் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடலாம். மச்சம், தழும்பு, பல் அடைத்தது, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் எழுதி, எக்ஸ்ரே நகலோடு வழக்குக் கட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை காட்டோரம் கிடைத்த எலும்புகளில் கைப்பகுதியே இல்லை. அப்பா, அம்மா இருவரிடமும் ரத்தம் எடுத்து, கோர்ட் வழியாக சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பொருந்தவில்லை என்று வந்தது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது: அந்த ரத்தத்தை அந்த எலும்போடு மட்டும்தான் ஒப்பிட்டார்கள். நாட்டில் கிடைக்கும் எல்லா அடையாளமற்ற உடல்களோடும் காணாமல் போனவர்களின் குடும்ப டி.என்.ஏ.வை ஒப்பிடுகிற பொதுத் தொகுப்பு நம்மிடம் இல்லை. அதற்கு இடம் வைத்து 2019-இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தனிமனித ரகசியம் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் தாங்களாகவே ரத்தம் கொடுக்க முன்வரும் பெற்றோருக்காவது ஒரு தொகுப்பு இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

உயிரோடு இருப்பாள் என்ற பக்கமும் தேடினோம். மனநிலை பாதித்து, பெயர் சொல்லத் தெரியாமல் தெருவில் திரிந்து மீட்கப்படும் பெண்கள் இருக்கிறார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும், வீடற்ற பெண்களுக்காக 1993 முதல் இயங்கும் பான்யன் அமைப்புக்கும் படத்தோடு விவரம் கொடுத்தோம். கோபமில்லாமல், அவசரப்படுத்தாமல் எங்களிடம் பேசியவர்கள் அங்கே இருந்தவர்கள்.

போஸ்டரில் எங்கள் சொந்த நம்பரைப் போட்டதால் வந்த போன்கள் தனிக் கதை. “உங்க பொண்ண பெங்களூருல பாத்தேன், வண்டிச் செலவுக்குப் பணம் போடுங்க” என்பார்கள். குறி சொல்கிறவர் வடக்குத் திசை என்றார். அம்மா தோட்டை அடகு வைத்துப் பரிகாரம் செய்தார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போலீஸ் ஒரு வார்த்தை சொல்லாதபோது, குறி சொல்கிறவராவது ஏதோ சொன்னார்.

அவள் காணாமல் போன அடுத்த வருடம், ஆளைக் கண்டுபிடித்துக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை, ஹைகோர்ட் மதுரைக் கிளையில் அப்பா பெயரில் போட்டோம். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று நிற்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் உண்டு. மனுதாரராக அம்மாவையோ அக்காவையோ காட்டலாம். எங்களுக்கு இது முன்பே தெரியாது, கடன் வாங்கினோம். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: யாரோ ஒருவர் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்றால்தான் அந்த மனு முழுதாக நிற்கும். காணாமல் போனவரைத் தேடச் சொல்லும் மனுவை, விசாரணையைத் தொடருங்கள் என்று சொல்லிப் பெரும்பாலும் முடித்துவைப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான், டி.எஸ்.பி. மேற்பார்வையில் விசாரிக்க உத்தரவிட்டு முடிந்தது.

இருந்தாலும் அந்த மனு வீண்போகவில்லை. போலீஸ் தாக்கல் செய்த ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் எங்கள் கைக்கு வந்தது. ஸ்டேஷனில் எங்களிடம் ஒருநாளும் சொல்லாத விஷயம் அதில் இருந்தது. தங்கச்சியின் போன், அவள் காணாமல் போய்ச் சில மாதம் கழித்து, வேறு சிம்மோடு திருப்பூரில் இயங்கியிருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்துக் கண்டுபிடித்து, வைத்திருந்த ஆளை விசாரித்திருக்கிறார்கள். செகண்ட்ஹேண்ட் கடையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் யாரிடம் வாங்கினோம் என்று நினைவில்லை என்றிருக்கிறார். அதோடு விட்டுவிட்டார்கள்.

2024-இல் ஏழு வருடம் முடிந்தது. இயல்பாகச் செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தில் 111. அது தானாக வராது. கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அவளுடைய பி.எஃப். பணத்துக்கும் பேங்க் கணக்குக்கும் அது வேண்டும் என்று உறவுக்காரர்கள் யோசனை சொன்னார்கள். அப்பா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்: “நான் போய் என் பிள்ள செத்துட்டான்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.” எனக்கும் அதே எண்ணம்தான். வேறு குடும்பம் வேறு முடிவெடுத்தால் அதில் தவறில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணவனைத் தேடும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தீர்ப்புத்தான் சோறு போடும்.

நாங்கள் போட்டது வேறு மனு. விசாரணையை மாநிலக் காவல்துறையின் தனி விசாரணைப் பிரிவான சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கோரி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528-ஆவது பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் தாக்கல் செய்திருக்கிறோம். இந்த முறை நான்தான் மனுதாரர். அவளுடைய போன் இன்னொருவர் கையில் கிடைத்த அன்றே இது வெறும் “பெண் காணவில்லை” வழக்கு இல்லை என்று ஆகிவிட்டது, குற்றப்பிரிவுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பது எங்கள் வாதம். அந்த போனைத் திருப்பூர் கடையில் விற்றது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம்.