மீன் எண்ணெயும் மச்சானும்

காட்பாடி ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் கொடுத்தவன் நான். சில்லறையை இரண்டு முறை எண்ணாமல் கல்லாவில் போட்டதில்லை. அப்படிப்பட்டவன், மீன் எண்ணெய் மாத்திரைப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன்.

அக்காவைப் புற்றுநோய் கொண்டுபோன வருடம், மருமகள் சிங்கப்பூரிலிருந்து மூன்று பாட்டில் அனுப்பினாள். "உங்கள் வயதுக்கு இது பாதுகாப்பு மாமா" என்றாள். அன்போடு வந்ததை எப்படி வேண்டாம் என்பது? இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று விழுங்குவேன். விடியற்காலைக் காபியோடு மீன் வாடை ஏப்பமாக வரும்.

சித்திரையில் வேலூர் வெயில் தன் வேலையைக் காட்டியது. அலமாரியில் இருந்த மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் புளி உருண்டைபோல் ஆகிவிட்டன. கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டே பாட்டிலைத் திருப்பினேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மி.கி. பின்பக்கம் எறும்பு எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120. இந்த இரண்டு கொழுப்புகளைத்தான் ஒமேகா-3 என்று பெருமையாகப் பேசுகிறார்கள். ஆக, சரக்கு 300தான்.

கணக்குப் பிடிபட்டதும் விடவில்லை, தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 'வைட்டல்' என்று ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 50 வயதான ஆண்களும் 55 வயதான பெண்களும் அதற்கு மேற்பட்டவர்களுமாக 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினமும் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்த்து 840 மி.கி., மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. தான் விழுங்குவது எது என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வருடத்துக்கும் மேல் கவனித்து 2018-ல் முடிவைச் சொன்னார்கள். எண்ணெய் சாப்பிட்டவர்களில் 820 பேருக்குப் புற்றுநோய், வெற்று மாத்திரைக்காரர்களில் 797 பேருக்கு. கூடியிருக்கும் 23 தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். குறைந்தது எங்கே? 840க்கே இந்தக் கதி என்றால் என் 300 என்ன செய்திருக்கும்!

சத்துவாச்சாரியில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். அவர் விடுவாரா? "மாப்பிள்ளை, ஐரோப்பாவில் புற்றுநோய் 61 சதவீதம் குறைந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பைக் காட்டினார். பொய் இல்லை. 2022-ல் வந்த 'டூ-ஹெல்த்' ஆய்வு அது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,157 பேர், மூன்று வருடம். ஆனால் அந்த 61, மீன் எண்ணெய், வைட்டமின் டி, வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி என மூன்றும் சேர்ந்தவர்களுக்கு. மொத்தமே 81 பேருக்குத்தான் நோய் வந்தது. அதைப் பல குழுக்களாகப் பிரித்துப் போட்ட கணக்கு. எண்ணெய் மட்டும் குடித்தவர்களுக்குத் திட்டமான பலன் தெரியவில்லை. மச்சானோ அடுத்த தெரு டீக்கடைக்கே மொபெட்டில் போகிறவர்.

ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு கூடிப்போய் மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்கள் விஷயம் வேறு. என்னைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். எனக்கு எவரும் எழுதிக்கொடுக்கவில்லை, நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்திக் குழம்பை விடவில்லை. அது நோய்க்காக அல்ல, நாக்குக்காக.

பிரிக்காத மூன்றாவது பாட்டிலை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். மொபெட் பெட்டியில் வைத்தார். மணி பகல் ஒன்று. நேராக வீட்டுக்குப் போங்கள் என்றேன். டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்றார்.