மாடி ரூம்ல கிட்டார் செய்றேன் – எட்டாவது மாசம், பெட்டி மூடியாச்சு

போன செப்டம்பர்ல ஆரம்பிச்சது, சனி ஞாயிறு மட்டும்தான் உக்கார முடியுது, இப்பதான் கிட்டாரோட பெட்டிய (உடம்பு) மூடியிருக்கேன். கோயமுத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம், ஒரு மர டேபிள், அப்பாவோட பழைய இழைப்புளி, நாலு உளி, ஒட்டுறப்ப இறுக்கிப் பிடிக்க முப்பது கிளாம்ப். கிளாம்ப் எத்தன இருந்தாலும் பத்தல.

மரத்துல இருந்து சொல்றேன். பின்பலகைக்கும் பக்கத்துக்கும் ஈட்டி மரம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். நீலகிரி, வயநாடு, குடகு பக்கம் விளையுறது, தோதகத்தின்னும் சொல்வாங்க, கிட்டார் உலகத்துல இந்தியன் ரோஸ்வுட். அமெரிக்கால மார்ட்டின் கம்பெனி 1969-ல பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காம தங்களோட டி-28 மாடலுக்கு இந்த மரத்துக்குத்தான் மாறினாங்க, அதுல இருந்து உலகம் பூரா நல்ல கிட்டார்னா நம்ம மலை மரம் இருக்கும். நமக்கு பக்கத்துல இருக்கிற மரம்தானேன்னு நெனச்சேன், ஆனா கிட்டாருக்குன்னு ரேடியலா (நடுவுல இருந்து பட்டைப் பக்கமா) அறுத்து, நல்லா காய வச்சு, புத்தகம் விரிச்ச மாதிரி ரெண்டு பலகையும் ஜோடி சேர்ற செட் தேடினா அதுல நிறைய வெளிநாட்டுக்குன்னே அறுக்கிறாங்க, ஒரு செட் கைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. முன்பலகைக்கு ஸ்ப்ரூஸ், அது நம்ம ஊர்ல விளையாது, சிட்கா ஸ்ப்ரூஸ் அலாஸ்கா பக்கத்துல இருந்து வரணும். கழுத்துக்குள்ள போற ட்ரஸ் ராடு, விரல் பலகைல பதிக்கிற ஃப்ரெட் கம்பி, சுருதி சேர்க்கிற ட்யூனர் எல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடை.

பக்கப் பலகை வளைக்கிறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. ரெண்டு மில்லிமீட்டருக்கு இழைச்சு, ஒரு இரும்புக் குழாய வைஸ்ல பிடிச்சு உள்ள கேஸ் டார்ச் விட்டு சூடு பண்ணி, தண்ணி தெளிச்சா சொட்டு உருண்டு ஓடணும், அதுதான் பதம். நனைச்ச பலகைய குழாய் மேல வச்சு மெதுவா ஆட்டிட்டே இருந்தா ஒரு நேரத்துல கைக்கு தெரியும், அதுவரைக்கும் எதிர்த்துட்டு இருந்த மரம் சட்டுனு தளரும், அப்ப வளைக்கணும், அதுக்கு முன்னாடி அமுக்கினா போச்சு. சூட்டுல ஒரு வாசம் வரும் பாருங்க, இனிப்பா, ரோஜா மாதிரி, ரூம்ல ரெண்டு நாள் நிக்குது. கையெல்லாம் ஊதா கலர் தண்ணி. முதல் பலகை இடுப்பு வளைவுல அவசரப்பட்டு நார் தூக்கிருச்சு, பசை விட்டு கட்டி வச்சு காப்பாத்தினேன், உத்துப் பார்த்தா இப்பவும் கோடு தெரியும்.

ஃப்ரெட் கணக்கு சுலபம். ஸ்கேல், அதாவது நட்ல (கழுத்து உச்சில கம்பி உக்கார்ற கட்டை) இருந்து பிரிட்ஜ் (பெட்டி மேல கம்பி வந்து முடியுற கட்டை) வரைக்கும் உள்ள நீளம், 648 மில்லிமீட்டர், அத 17.817-ஆல வகுத்தா 36.37, அது முதல் ஃப்ரெட், மீதி நீளத்த மறுபடி அதே எண்ணால வகுக்கணும், பன்னெண்டாவது சரியா 324-ல வந்து விழும். ஆனா பலகைல குறிக்கும்போது எல்லாத்தையும் நட்ல இருந்தே அளந்து குறிங்க, ஒரு ஃப்ரெட்ல இருந்து அடுத்த ஃப்ரெட்டுக்கு அளந்தா சின்னச் சின்ன தப்பு சேர்ந்து மேல போகப் போக சுருதி போயிரும்.

இப்ப முக்கியமான விஷயம், இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன். நவம்பர்ல முன்பலகைக்கு பிரேஸ், அதாவது உள்பக்கம் தாங்குற குச்சிங்க, ஒட்டினேன். அன்னைக்கு விடாத மழை, ரூம்ல மீட்டர் 82 சதவீதம் ஈரப்பதம் காட்டுது. எங்க தெருவுல மரவேலை செய்ற ஆசாரி அண்ணன் கிளாம்ப் இரவல் குடுக்க வந்தவர் பலகைய கைல வாங்கிப் பார்த்துட்டு, "ஏனுங் தம்பி, மழை ஓயட்டுமுங்க, இப்ப ஒட்டுனா பங்குனில வெடிச்சுக்கும்"னாரு. கதவு ஜன்னலுக்கு சொல்றார், மூணு மில்லிமீட்டர் பலகைக்கு என்ன ஆகப்போகுதுன்னு ஒட்டிட்டேன்.

மார்ச் மாசம் மத்தியானம் மீட்டர் 34. அலமாரில இருந்த பலகைய எடுத்தா, குவிஞ்சு இருக்க வேண்டிய முன்பக்கம் குழிஞ்சு கெடக்கு, கீழ்ப்பக்க ஓரத்துல இருந்து எட்டு சென்டிமீட்டருக்கு முடி மாதிரி ஒரு விரிசல். விளக்குல பிடிச்சுப் பார்த்தேன், வெளிச்சம் வருது. அன்னைக்கு வேற எதையும் தொடல.

காரணம் இதுதான். மரம் ஈரம் குடிச்சா நார் ஓடுற நீளவாக்குல கிட்டத்தட்ட அசையவே அசையாது, குறுக்காலதான் விரியும், காஞ்சா குறுக்கால சுருங்கும். பிரேஸ் ஓடுறது பலகையோட நாருக்கு குறுக்கால, அதோட நார் அதோட நீளவாக்குல, அதனால அது சுருங்காது. பலகை சுருங்கப் பார்க்குது, பிரேஸ் விடமாட்டேங்குது, கடைசில பலகைதான் கிழியும். பெரிய கம்பெனிங்க பட்டறைல வருஷம் பூரா 45-ல இருந்து 50 சதவீதத்துல ஈரப்பதம் வச்சிருக்கிறது இதுக்குத்தான். ஆசாரி அண்ணன் எந்த மீட்டரும் இல்லாம கைல பிடிச்சே சொல்லிட்டார்.

சரி பண்ண மூணு வாரம் ஆச்சு. மெல்லிசு கத்திய சூடு பண்ணி பசைய இளக்கி பிரேஸ் ஒவ்வொண்ணா எடுத்தேன், விரிசல்ல பசை தேய்ச்சு மூடி, உள்பக்கம் சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டு நார் குறுக்கா வர்ற மாதிரி ஒட்டினேன். அப்புறம் ரூம மூடி வச்சு, காயிற பகல்ல ஈரத்துணி தொங்கவிட்டு, ராத்திரி ஏசி போட்டு, பலகைய நாலு நாள் 45-லயே வச்சிருந்து அதுக்கப்புறம்தான் புது பிரேஸ் ஒட்டினேன். இந்த தடவை அண்ணனையும் கூட்டிட்டு வந்து காட்டிட்டுத்தான் பசை டப்பாவையே திறந்தேன்.

போன ஞாயிறு பெட்டிய மூடினேன். கிளாம்ப் எல்லாம் கழட்டிட்டு பிரிட்ஜ் வர்ற இடத்துல கட்டவிரலால தட்டினா, தனிப் பலகையா இருந்தப்ப வந்த சத்தமே இல்ல, ஆழமா, தட்டின பிறகும் கொஞ்ச நேரம் நிக்குது. கம்பி மாட்டினா 70 கிலோவுக்கு மேல இழுக்கும், அந்த விரிசல் தாங்குமான்னு அன்னைக்குத்தான் தெரியும். அடுத்தது ஓரத்துக்கு பைண்டிங், அதாவது விளிம்ப சுத்தி ஒட்டுற மெல்லிசு பட்டை, அதுக்கு பள்ளம் எடுக்கிற ரூட்டர் பிட் ஆர்டர் போட்டிருக்கேன், வந்ததும் எழுதுறேன். அதுவரைக்கும் பெட்டிய மீட்டரோட சேர்த்து மூடி வச்சிருக்கேன், இன்னைக்கு காலைல 47.