நெய் கெட்டிலும் தண்ணீர்க் கணக்கும்

கொங்குப் பகுதியில் இருந்த ஒரு தனியார் பால் ஆலையில், பாய்லர், குளிரூட்டும் அமோனியா கம்ப்ரசர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை அடங்கிய யுட்டிலிட்டி பிரிவுக்கு நான் சில ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்தேன். அங்கே வெண்ணெயும் நெய்யும்தான் முக்கிய உற்பத்தி. சேர்ந்த புதிதில், கெட்டிலில், அதாவது பாய்லர் நீராவியால் சூடாகும் கொப்பரையில், நெய்யைக் காய்ச்சுவதற்குத்தான் பாய்லரில் விறகு எரிகிறது என்று எல்லோரையும் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு கிலோ நெய்க்கு எவ்வளவு வெப்பம் செலவாகிறது என்று தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை பிழை என்பது தெரிந்தது.

ஒரு கிலோ கொழுப்பை 30 டிகிரியிலிருந்து, நம் பக்கத்து வாடிக்கையாளர்கள் விரும்பும் மணம் வருகிற 115 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 45 கிலோ கலோரி போதும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவோ, அது கொதிநிலைக்கு வந்த பிறகும் 540 கிலோ கலோரி வேண்டும். 40 சதவீதக் கொழுப்புள்ள கிரீமை அப்படியே கெட்டிலில் ஊற்றினால், ஒரு கிலோ நெய்க்கு இரண்டரை கிலோ கிரீம் தேவைப்படும். அதில் ஒன்றேகால் கிலோவுக்கும் மேல் தண்ணீர்தான். கிரீமைக் கடைந்து 82 சதவீதக் கொழுப்புள்ள வெண்ணெயாக்கிவிட்டால் ஒரு கிலோ நெய்க்கு மிஞ்சும் தண்ணீர் 200 கிராம் அளவே. அதாவது ஆவியாக்கும் செலவு எழுநூறு கிலோ கலோரியிலிருந்து நூறுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. கடைவதற்கு முன் கிரீமைக் குளிரவைக்கச் செலவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அங்கே இறைக்க வேண்டிய வெப்பம் 70 கிலோ கலோரி அளவில் அடங்கிவிடும். கம்ப்ரசரும் தான் உண்ணும் மின்சாரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வெப்பத்தை வெளியேற்றித் தரும். நம் பாட்டிமார் மத்தால் கடைந்தே தண்ணீரைப் பிரித்துவிட்டு, பிறகு அடுப்பில் வைத்தது எவ்வளவு சிக்கனமான வேலை என்று அன்று தோன்றியது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றியபோது, முதலில் கண்ணில் பட்டது கெட்டில்களுக்குப் பின்னால் இருந்த சாக்கடை. கெட்டிலைச் சுற்றியுள்ள இரட்டைச் சுவரான ஜாக்கெட்டில் நீராவி குளிர்ந்து உண்டாகும் கண்டன்சேட் என்ற தண்ணீர் முழுவதும், கொதிக்கக் கொதிக்க அதில் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லருக்குள் போகும் தண்ணீரின் வெப்பநிலை 6 டிகிரி உயர்ந்தால் எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் தணிக்கையாளர்கள் எல்லோரும் சொல்லும் விதி. அப்படியிருக்க ஏன் இதைப் பாய்லருக்கே திருப்புவதில்லை என்று, வயதில் மூத்தவரான பாய்லர் ஆபரேட்டரிடம் கேட்டேன். "ஒருக்கா நெய்யி வந்து பாய்லருக்குள்ள நொரை கட்டிப்போச்சுங்க சார். அப்பறம் அந்த லைனையே மூடிப்போட்டோம்" என்றார். அலட்சியம் என்று நான் நினைத்தது உண்மையில் அச்சம். ஜாக்கெட்டில் ஊசித்துளை இருந்தால், நீராவி ஓடும்போது அழுத்தம் காரணமாக எதுவும் உள்ளே வராது. வால்வை மூடி ஜாக்கெட் குளிரும்போது உண்டாகும் வெற்றிடம்தான் நெய்யை உள்ளே இழுக்கிறது. கெட்டில்களை அழுத்தச் சோதனை செய்து, கசிந்த ஒன்றை வெல்டிங் செய்து அடைத்து, நடுவில் ஒரு சிறு பார்வைத் தொட்டியும் அமைத்த பிறகே அவர் அந்த வால்வைத் திறக்கச் சம்மதித்தார். அதற்குப் பிறகும் ஒரு மாதம்வரை, ஷிப்டுக்கு இருமுறை அந்தத் தொட்டியில் எண்ணெய்ப்படலம் தெரிகிறதா என்று அவரே போய்ப் பார்த்து வந்தார்.

அடுத்து நான் செய்த முயற்சியில் பெருமைப்பட அதிகம் இல்லை. உருக்கிய வெண்ணெயை 80 முதல் 85 டிகிரியில் அரைமணி நேரம் அசைக்காமல் வைத்தால் அது மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே புரத ஏடு, நடுவில் கொழுப்பு, அடியில் மோர்த்தண்ணீர். அடித்தண்ணீரை வடித்துவிட்டால் ஈரத்தின் பெரும்பகுதி காய்ச்சாமலே போய்விடும். இம்முறையில் 35 முதல் 50 சதவீதம்வரை எரிபொருள் மிச்சமாகும் என்று நூல்களில் குறிப்பிடப்படுகிறது. எங்கள் ஆலையிலும் விறகு கண்ணெதிரே குறைந்தது. ஆனால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து இரண்டாம் வாரமே ஓலை வந்தது. நெய்யில் மணம் போதவில்லை. மணம் தருவது கொழுப்போடு சேர்ந்து வறுபடும் அந்தப் பால் திடப்பொருள்கள்தாம். அவற்றில் பெரும்பகுதியைத்தான் நான் வடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். வடித்த தண்ணீரில் இருந்த சர்க்கரையும் புரதமும் நேராகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே காற்றூட்டும் புளோயர்கள் கூடுதல் நேரம் ஓட வேண்டியதாயிற்று. விறகில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை மின் கட்டணம் வாங்கிக்கொண்டது. அந்தப் புளோயர்களும் என் பொறுப்பிலேயே இருந்தும், முன்கூட்டியே அது எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அடித்தண்ணீரில் பாதியை மட்டும் வடிப்பது என்று முடிவாயிற்று. சுவைத்துப் பார்ப்பவரின் நாக்குக்கும் என் கணக்குக்கும் இடையில் அதுவே உடன்பாடு.

குளிர் அறையில் செய்தது எளிய வேலை. பால் மிகுந்த மாதங்களின் வெண்ணெயை மைனஸ் 20 டிகிரியில் அடுக்கிவைத்து, வரத்துக் குறையும்போது எடுத்து உருக்குவார்கள். எடுத்த பெட்டிகள் இரவெல்லாம் நடைபாதையில் வியர்த்துக் கிடந்தன. அவற்றை இரண்டு நாள் முன்னதாகவே 4 டிகிரி அறைக்கு மாற்றச் சொன்னேன். வெண்ணெயின் குளிர் அந்த அறையைக் குளிர்விக்க உதவியது; கெட்டிலுக்குப் போகும்போது வெண்ணெயும் அவ்வளவு விறைத்திருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, ஐப்பசியில் ஒரு கிலோ நெய்க்கு ஆகும் விறகு மறுபடி ஏறியது. இரவு ஷிப்டில்தான் ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்பட்டு, இரண்டு இரவுகள் நானே பாய்லர் அருகில் உட்கார்ந்தேன். குற்றவாளி அங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் திறந்த வெளியில் நனைந்து கிடந்த சீமைக்கருவேல விறகுதான் காரணம். கெட்டிலில் இருந்த தண்ணீரைத் துரத்திக்கொண்டிருந்த நான், விறகுக்குள் இருந்த தண்ணீரைப் பார்க்கத் தவறியிருந்தேன். புகைபோக்கி வழியாக அதையும் நாங்கள்தான் ஆவியாக்கி அனுப்பிக்கொண்டிருந்தோம். தகரக் கொட்டகை போட நிர்வாகம் ஒரே வாரத்தில் அனுமதித்தது.

கெட்டில்களின் மேல்குழாய் வழியே போகும் ஆவியைக் குளிரவைத்து, அந்த வெந்நீரால் வெண்ணெயை உருக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்த திட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. போட்ட முதல் திரும்ப நாளாகும் என்று கோப்பு நிதிப் பிரிவிலேயே தங்கிவிட்டது. நான் வேலையை விட்ட மார்கழியிலும், விடியற்காலையில் ஆலைக்கு எதிரே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் நெய் மணக்கிறது என்று பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.