நடுகல் படங்களை டெர்மினலில் அடுக்கிய மூன்று வாரம்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு அரூர், பென்னாகரம் பக்கம் நடுகல் பார்க்கக் கிளம்பிவிடுவேன். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களும் அதில் உண்டு. படங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. மவுஸால் இழுத்துப் போட்டு மாளவில்லை. அதனால்தான் என் கணினியை ஓட்டும் உபுண்டுவில், கட்டளையை எழுத்தாக அடித்து வேலை வாங்கும் திரையான டெர்மினலைத் திறந்தேன்.

முதல் வாரம் மூன்றே கட்டளை. எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று காட்ட பிடபிள்யூடி, உள்ளே இருப்பதைப் பார்க்க எல்எஸ், வேறு ஃபோல்டருக்குப் போக சிடி. 'அரூர் கல்' என்று நடுவில் இடம் விட்டுப் பெயர் வைத்திருந்தேன். சிடி அதை இரண்டு பெயராக எடுத்துக்கொண்டு 'டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்' என்றது. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டதும் சரியானது. முதல் இரண்டு எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டினால் மிச்சப் பெயர் தானாகவே வந்துவிடும். இது தெரிந்த பிறகுதான் கைக்கு வேகம் வந்தது.

இரண்டாம் வாரம் ஒரு இழப்பு. என் படங்களை ஒரு ஃபோல்டருக்கு எம்வி போட்டு நகர்த்தினேன். அப்புறம் நண்பரின் படங்களையும் அங்கேயே நகர்த்தினேன். இரண்டு பேர் போனிலும் ஒரே பெயரில் 17 படங்கள் இருந்திருக்கின்றன. எம்வி ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னுடையவற்றின் மேலேயே எழுதிவிட்டது. குப்பைத்தொட்டியிலும் தேடினேன், எம்வி அங்கே எதையும் போடுவதில்லை. இப்போது எப்போதும் 'எம்வி ஹைஃபன் ஐ' தான். அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதலாமா என்று கேட்டு நிற்கும்.

மூன்றாம் வாரம் மனசுக்கு நிறைவு. கல்லுக்கு ஒரு வரி என்று எழுதி வைத்த குறிப்புக் கோப்பில், சொல் உள்ள வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையை அடித்துப் பக்கத்தில் குதிரை என்று கொடுத்தேன். குதிரை வீரன் உள்ள கற்கள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. அடுத்து, கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் எக்கோவில் தருமபுரி என்று கொடுத்து, அதை எண்ணிச் சொல்லும் டபிள்யூசிக்கு அனுப்பிப் பார்த்தேன். எழுத்துகளை எண்ண ஹைஃபன் எம் போட்டால் 9, பைட்டுகளை எண்ண ஹைஃபன் சி போட்டால் 25. நம் கண்ணுக்கு ஐந்தே எழுத்து! உகரம், இகரக் குறிகளைக் கணினி தனியாக எண்ணுவதால் 8. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 24. எக்கோ கடைசியில் சேர்க்கிற புதுவரிக் குறிக்கு இரண்டு கணக்கிலும் இன்னும் ஒன்று.

போன ஞாயிறு, தொலைந்த 17இல் ஒரு கல்லை மறுபடி படம் எடுக்கப் போனேன். கல் முழுக்க எண்ணெயும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். பழைய படத்தில் தெளிவாகத் தெரிந்த எழுத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.